ஹேமக் தார்ப்பாய்க்கு முகட்டுக் கயிறு: மூன்று வருடம் கட்டி அவிழ்த்தபின்

இரண்டு மரம், நடுவே ஒரு கயிறு, அதில் தார்ப்பாய், அதன் அடியில் ஹேமக் என்கிற தொங்கு படுக்கை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன். முதல் வருடம் என்னிடம் இருந்தது பாராகார்ட் என்கிற மெல்லிய நைலான் கயிறு. தார்ப்பாயின் இரண்டு முனை வளையங்களிலும் தனித்தனிக் கயிறு; அதை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, லாரியில் சரக்குக் கட்டுவார்களே, அந்த இழுவை முடிச்சு. கட்டி முடித்ததும் சுண்டினால் சத்தம் வருகிற அளவுக்கு விறைப்பாக நிற்கும்.

மழை பிடித்ததும் நைலான் தன் குணத்தைக் காட்டிவிடும். ஈரம் குடித்தால் நீளும். என் தார்ப்பாயும் சில்நைலான், அதாவது சிலிக்கான் பூசிய நைலான் துணி, என்பதால் கயிறோடு சேர்ந்து துணியும் தொய்ந்துவிடும். ஒருநாள் நள்ளிரவில் கண் விழித்தால், முகடு மூக்குக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது. இறுக்கலாம் என்றால் முடிச்சோ மரத்தடியில், கொட்டுகிற மழைக்கு நடுவே. இரண்டு மரத்துக்கும் போய் இழுத்துக் கட்டிவிட்டு, சொட்டச் சொட்ட வந்து படுத்தேன். போர்வையும் நனைந்தது. இறுக்குகிற இடம் கூரைக்கு உள்ளே இருந்தாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதற்குப் பிறகு ஒரே நீளக் கயிறுதான். 3.3 மீட்டர் தார்ப்பாய்க்கு 10 மீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் பாலியஸ்டர் பின்னல் கயிறு. பாலியஸ்டர் தண்ணீர் அவ்வளவாகக் குடிக்காது, நனைந்தாலும் நீளம் பெரிதாக மாறாது. முதல் மரத்தில் எட்டு வடிவ உருவாஞ்சுருக்கு. வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் முழுதாக அவிழ்ந்துவிடும், கையுறையோடும் போடலாம். அடுத்த மரத்தில் கயிறைச் சுற்றி இழுத்து, வாலை மடித்து இழுவைக் கயிற்றின்மேல் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, மடிப்பின் கண்ணிக்குள் வாலின் இன்னொரு மடிப்பைச் செருகிவிடுவேன். இதுவும் ஒரே இழுப்பில் அவிழ்கிற உராய்வு முடிச்சுதான். இந்த இரண்டையும் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை போட்டுவிட்டால் இரவில் தொடவே வேண்டியதில்லை.

வேலையெல்லாம் நடுவில் இருக்கிற இரண்டு புருசிக் கண்ணிகளுக்குத்தான். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் விளக்கிய முடிச்சு இது. மெல்லிய கயிற்றை வளையமாக முடிந்து, தடித்த கயிற்றின்மேல் மூன்று சுற்று. பாரம் விழுந்தால் கவ்விப் பிடிக்கும். பாரத்தை எடுத்துவிட்டு முடிச்சையே பிடித்துத் தள்ளினால் நகரும். ஒவ்வொரு கண்ணியையும் தார்ப்பாயின் முனை வளையத்துக்குள் நுழைத்து ஒரு சிறு குச்சியைக் குறுக்கே செருகுகிறேன். பிறகு இரண்டையும் மரத்தை நோக்கித் தள்ளினால் முகடு விறைத்துக்கொள்ளும். ஹேமக் ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தால் தார்ப்பாயை அப்படியே அதன் நேருக்கு நகர்த்திக்கொள்ளலாம். ராத்திரி துணி தொய்ந்தால் கீழே இறங்கி, தார்ப்பாய்க்கு அடியிலேயே நின்று இரண்டு விரலால் ஒரு தள்ளு. அவ்வளவுதான், திரும்ப வந்து படுத்துக்கொள்ளலாம்.

கண்ணிக் கயிறு முதன்மைக் கயிறைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். என்னுடையது 2 மில்லிமீட்டர். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு ஒரு தடவை பட்டேன். எடை குறையும் என்ற ஆசையில் முதன்மைக் கயிறை 2 மில்லிமீட்டர் டைனீமா என்கிற செயற்கை இழைக் கயிறுக்கு மாற்றினேன். இழுத்தாலும் நீளாது, பலமும் அதிகம், ஆனால் மெழுகு பூசின மாதிரி வழுக்கும். கண்ணியும் அதே பருமன். காற்றடித்த ஒரு இரவில் இரண்டு கண்ணியும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நழுவி, விடியும்போது தார்ப்பாய் ஜன்னல் திரையை ஒதுக்கின மாதிரி நடுவில் குவிந்து கிடந்தது. சுற்றை ஐந்தாக்கிப் பார்த்தேன். பிடித்தது, ஆனால் குளிரில் விறைத்த விரலுக்கு அசையவே இல்லை. மிச்சமான சில கிராமுக்காக இந்தப் பாடு வேண்டாமென்று பழைய கயிறுக்கே திரும்பிவிட்டேன்.

கயிறு தார்ப்பாய்க்கு மேலே ஓடலாமா, கீழே ஓடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் கீழேதான் விடுகிறேன். துணியைத் தாங்கும், விளக்கும் ஈரக் காலுறையும் தொங்கவிட இடம் கிடைக்கும். இதில் ஒரு தொல்லை. மரத்தில் வழிகிற மழைத்தண்ணீர் கயிறைப் பிடித்துக்கொண்டே கூரைக்குள் வந்துவிடும். சரியாக என் நெற்றிக்கு மேலே வந்து சொட்டுவதற்கு அதற்கு யார் வழி சொன்னார்களோ! தார்ப்பாய் விளிம்புக்கு வெளியே இரண்டு பக்கமும் கயிற்றில் ஒரு சாண் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் அதில் இறங்கி வெளியிலேயே சொட்டிவிடுகிறது. ஹேமக்கின் தொங்கு கயிற்றிலும் இதேபோல நூல் வேண்டும், ஆனால் அங்கே விளிம்புக்கு உள்ளே.

இன்றுவரை முதன்மைக் கயிறு அதே பாலியஸ்டர்தான், பிசின் ஒட்டின இடம் மட்டும் கொஞ்சம் சொரசொரக்கிறது. கண்ணிகளை இரண்டு தடவை மாற்றியாயிற்று. உராய்ந்து உராய்ந்து பளபளப்பேறிவிட்டால் பிடி விட்டுப்போகும். கண்ணிகள் கயிற்றிலேயே இருக்க, தார்ப்பாயோடு சேர்த்து எல்லாவற்றையும் பாம்புச் சட்டை போன்ற நீள உறைக்குள் உருவி வைக்கிறேன். அதனால் சிக்கெடுக்கிற வேலை இல்லை.

தீராத குறை ஒன்று இருக்கிறது. தார்ப்பாயை விரிப்பதற்கு முன்னால் வெறும் கயிறு மட்டும் நிற்கிற அந்த ஐந்து நிமிடத்தில், அந்தி வெளிச்சத்தில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஒளி திருப்புகிற இழை பின்னிய கயிறுதான், விளக்கு பட்டால் மின்னும். ஆனால் விளக்கைத் தேடிப் போகிறவன் கையில் விளக்கு இருக்காதே. இரண்டு தடவை கழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு, கயிறைக் கட்டியதும் முதல் வேலையாகத் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அதில் போட்டுவிடுகிறேன்.