ஹவுசிங்குக்குள் மூட்டம்: சிலிக்கா ஜெல்லா, தாள் பட்டையா, மாலிகுலர் சீவா?

30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 24 மில்லிகிராம் தண்ணீர்தான் ஆவியாக இருக்கும். ஒரு சொட்டில் பாதி. சின்ன ஆக்‌ஷன் கேமரா ஹவுசிங்கில், அதாவது நீருக்கடியில் படமெடுக்கக் கேமராவைப் பூட்டிவைக்கும் நீர்புகாப் பெட்டியில், கேமரா போக மிஞ்சும் காற்றோ ஒரு லிட்டருக்கு எவ்வளவோ குறைவு. அந்தத் துளியூண்டு ஈரம் கண்ணாடியின் உட்புறம் படிந்தால் போதும், எடுத்த வீடியோ முழுக்கப் பால் நிறமாகிவிடும்.

இந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஆவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 டிகிரி. சுற்றியிருக்கும் நீர் அதைவிடக் குளிர்ந்தால் போர்ட்டில் (லென்ஸுக்கு முன்னுள்ள கண்ணாடிச் சாளரம்) ஈரம் படியத் தொடங்கும். பாலிகார்பனேட் உடல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் ஈரம் முதலில் தேடிப் போவது கண்ணாடியைத்தான். அலுமினிய ஹவுசிங்கில் சுவர் முழுதும் குளிர்வதால் ஈரம் அங்கும் பிரிந்து படிந்துவிடும். போர்ட் ஓரளவு தப்பிக்கும். மலிவான பிளாஸ்டிக் பெட்டியில்தான் இந்தத் தொல்லை அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஈரத்தை உறிஞ்ச ஹவுசிங்குக்குள் போடுபவற்றில் முதலில் சிலிக்கா ஜெல் மணிகள். நடுத்தர ஈரப்பதத்தில் ஒரு கிராம் ஜெல் 200 மில்லிகிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும். கணக்குப்படி ஒரு சின்னப் பாக்கெட்டே ஏராளம். அப்புறம் ஏன் பாக்கெட் போட்டும் மூட்டம் வருகிறது? பெரும்பாலும் ஹவுசிங்கை மூடும் முன்பே அது தன் வயிறை நிரப்பிக்கொண்டிருக்கும். பையில் திறந்து கிடந்த பாக்கெட் வெளிக்காற்றின் ஈரத்தைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். ஆகவே எவ்வளவு உறிஞ்சும் என்பதைவிட, மூடும் நொடியில் எது உலர்ந்திருக்கிறது என்பதே என் முதல் அளவுகோல். அதில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லுக்கு ஈடில்லை. பார்த்தாலே நிலைமை தெரிந்துவிடும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அது புற்றுநோய் அபாயப் பட்டியலில் உள்ள பொருள். ஆரஞ்சிலிருந்து பச்சையாகும் வகையை வாங்கிக்கொள்ளுங்கள். 110 முதல் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். சில உறைகள் அந்தச் சூட்டில் உருகும், அதனால் மணிகளைத் தனியே கொட்டிச் சூடாக்குவது நல்லது. சூடு ஆறும் முன் இறுக்கமான டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

குறை ஒன்று உண்டு: பாக்கெட் தடிமன். ஆக்‌ஷன் கேமராவுக்கும் ஹவுசிங் சுவருக்கும் நடுவே அது நுழையாது. அந்த இடுக்குக்காகவே வந்தவை தாள் பட்டைகள். கோப்ரோ உள்ளிட்ட நிறுவனங்கள் விற்கும் இந்த மெல்லிய பட்டைகளைக் கேமராவின் பக்கவாட்டிலும் அடியிலும் செருகலாம். நகராது, லென்ஸ் முன்னால் மிதந்து வராது. அடுப்பில் சில நிமிடம் காயவைத்துச் சில தடவை பயன்படுத்தலாம் என்றாலும், பலவற்றில் நிறக் குறி கிடையாது. ஒருமுறை போட்டதை உலர்ந்தது என்று நம்பி மறுநாளும் போடுவது வெறும் நம்பிக்கைதான்.

மாலிகுலர் சீவ், அதாவது நுண்துளைகளில் நீரைப் பிடிக்கும் மணிகள், குளிர்ந்த நீருக்கான ஆள். நீர் 8 டிகிரி என்றால், 30 டிகிரியில் இருக்கும் உள்காற்றின் ஈரப்பதம் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். நீண்ட வீடியோவால் கேமரா சுட்டு உள்ளே 40 டிகிரி ஆகிவிட்டால் 15 சதவீதத்துக்கும் கீழே. இவ்வளவு வறட்சியில் சிலிக்கா ஜெல் சோர்ந்துவிடும், சூடு ஏறினால் பிடித்ததில் கொஞ்சத்தை வெளியேயும் விட்டுவிடும். சீவ் அந்த நிலையிலும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை பிடிக்கும், எளிதில் விடாது. அந்தப் பிடிவாதமே அதன் குறையும்: திரும்ப உலர்த்த 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் முழுகுபவர்களுக்கு இது தேவையில்லாத செலவு.

களிமண் பாக்கெட் மலிவு, ஆனால் சூடான கேமராவுக்குப் பக்கத்தில் அதை வைக்க மாட்டேன். அரிசியை விட்டுவிடுங்கள், மாவுத் தூள்தான் மிஞ்சும். கால்சியம் குளோரைடு ஈரத்தைக் குடித்துக் குடித்து உப்புக் கரைசலாகவே ஆகிவிடும். எலக்ட்ரானிக்ஸ் பக்கம் கூடவே கூடாது. சானிட்டரி நாப்கினை வெட்டி வைப்பவர்கள் உண்டு. கசிந்த சொட்டுகளை அது அருமையாகப் பிடிக்கும், காற்றிலுள்ள ஆவியைப் பெரிதாகக் குறைக்காது.

உறிஞ்சிகளுக்கு உண்மையான போட்டி ஏசி அறைதான். 24 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் பனிநிலை 13 டிகிரி. கேமரா, பேட்டரி, கார்டு எல்லாவற்றையும் அங்கேயே சரிபார்த்து ஹவுசிங்கை மூடினால், 25 டிகிரி நீரில் பாக்கெட்டே இல்லாமலும் தப்பலாம். படகில் திறந்து பேட்டரி மாற்றினால் அந்த நன்மை போய்விடும். வேக்குவம் வால்வு உள்ள ஹவுசிங்கில் ஐந்தில் ஒரு பங்கு காற்றை வெளியே எடுத்தால் ஆவியும் அதே விகிதத்தில் குறையும், ஆனால் பனிநிலை 26லிருந்து 22, 23 வரைதான் இறங்கும். அதன் மெய்யான பயன் கசிவுச் சோதனை. ஆன்டி-ஃபாக் திரவம் ஈரத்தை அகற்றாது, துளிகளை மெல்லிய படலமாகப் பரப்பும். போர்ட்டின் உட்புறத்தில் மட்டும் தடவுங்கள், கேமரா லென்ஸில் வேண்டாம்.

எதைப் போட்டாலும் ஓ-ரிங் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) பள்ளத்தில் பாக்கெட்டின் ஓரமோ பட்டையின் நுனியோ மாட்டாமல் பாருங்கள். மூட்டத்தைத் தடுக்கப் போய் முழு ஹவுசிங்கையும் வெள்ளத்தில் விட்ட கதை இப்படித்தான் நடக்கும். மேலே வந்து பார்க்கும்போது அடியில் நீர் தேங்கியிருந்தால் அது மூட்டம் அல்ல, கசிவு. கடல்நீர் பட்ட பாக்கெட்டை அடுப்பில் காயவைத்தாலும் உப்பு உள்ளேயே தங்கும். அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.