மின்ட் பக்கம் போகலாமா, பதினொன்றுக்குத் தாவலாமா?

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் சித்தப்பா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்கு ஒரே கம்ப்யூட்டர்: ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. ஆதார் பிரிண்ட், ஹால் டிக்கெட், ராத்திரி பதினொரு மணிக்கு ஷட்டரைத் தட்டிக் கேட்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அதில்தான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. "மிஷின் நல்லாத்தானேடா ஓடுது, இன்னாத்துக்கு மாத்தணும்?" என்றார் சித்தப்பா. ஓடும்தான். ஆனால் அதற்குப் பிறகு தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது. பேட்டையில் இருக்கிற பென்டிரைவ் எல்லாம் வந்து செருகப்படும் மிஷினை அப்படி விட முடியாது.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், செக்யூர் பூட் வசதி வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். டிபிஎம்மை பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் செட்டிங்கில், ஆன் செய்துவிட்டேன், பிராசசரில் அடிபட்டுப்போனது. ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து இந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றலாம்தான். அப்படி ஏற்றினால் அப்டேட் வருவதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடு? புது மிஷின் வாங்குகிறவர்கள் 11-ஐ எடுத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய வேறொரு இயங்குதளம். "மின்ட் போடலாம்" என்றதும் சித்தப்பா, "தங்கசாலையா? அங்க எதுக்குடா?" என்றார். வடசென்னைக்காரரிடம் மின்ட் என்றால் பஸ் ஸ்டாப்தான் ஞாபகம் வரும். காசு கிடையாது, 4 ஜிபி ரேமிலேயே ஓடும், 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் ஏற்றலாம். அப்டேட் வந்தால் கீழ்ப்பட்டையில் ஒரு சின்னக் கேடயம் தெரியும். எப்போது போடுவது என்பது நம் இஷ்டம். டைம்ஷிஃப்ட் என்ற பேக்கப் கருவியை முன்பே அமைத்து வைத்திருந்தால், ஏதாவது சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

எனக்கு இதுதான் பிடித்தது. ஆனால் கடைக்கு ஆகவில்லை. தமிழ்99 தட்டச்சில் சிக்கல் இல்லை, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகக் கிடைக்கிறது. சிக்கல் பழைய ஃபைல்களில். பத்து வருடத்துப் போஸ்டர்களும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். அதற்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. போதாததற்கு, கடையின் பழைய லேசர் பிரிண்டர் மின்ட்டில் ஒரு பக்கத்தைத் துப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டது. அரை மணி நேரம் டிரைவரோடு மல்லுக்கட்டினேன். அதற்குள் வரிசையில் நின்ற இரண்டு பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, டீ மட்டும் வாங்கித் தரவில்லை.

மிச்சமிருந்தது, 10-லேயே இருந்துகொண்டு நீட்டிப்பு அப்டேட்டில் சேருவது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் கட்டலாம். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்யச் சம்மதித்தால் காசே வேண்டாம். எந்த வழியில் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம், விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் இருக்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் வரும், புது வசதி எதுவும் வராது. ஐகான் இடம் மாறினாலே எனக்கு போன் போடுகிற சித்தப்பாவுக்கு அது வசதிதான். கம்பெனிகளுக்கு ரேட் வேறு: முதல் வருடம் மிஷினுக்கு 61 டாலர், அப்புறம் வருடா வருடம் இரட்டிப்பு.

கடை மிஷினை அதில் சேர்த்துவிட்டேன். வீட்டில் தங்கச்சி படிக்க வைத்திருக்கும் பழைய லேப்டாப்புக்கு மின்ட். அவளுக்கு பிரவுசரும் பிடிஎஃப்பும் போதும், ஒரே நாளில் பழகிவிட்டாள்.

மானிட்டர் ஓரத்தில் மார்க்கரால் 13-10-2026 என்று எழுதி வைத்தேன். மறுநாள் போனபோது, அதன் கீழே சித்தப்பா என் போன் நம்பரையும் எழுதியிருந்தார்.