வரென்னாவில் அறை எடுக்கிறீர்களா? வழியில் எவ்வளவு ஏற வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்

இத்தாலியின் கோமோ ஏரிக்கு வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அறை எடுங்கள். போன ஜூனில் நான், கணவர், எழுபது வயதான அம்மா மூவரும் அந்த ஏரிக்கரை ஊரான வரென்னாவில் நான்கு இரவு தங்கப் போனோம்.

வரென்னாவைத் தேர்ந்தெடுத்ததே அம்மாவின் முழங்கால் வலிக்காகத்தான். எதிர்க்கரையில் இருக்கும் பெல்லாஜியோவுக்கு ரயில் கிடையாது, தெருக்களும் பாதிக்குப் பாதி படிக்கட்டு. வரென்னாவுக்கு மிலான் சென்ட்ராலேயிலிருந்து நேர் ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து பெல்லாஜியோவுக்குப் படகில் கால் மணி நேரம். அம்மாவை அலைக்கழிக்காமல் சுற்றிக் காட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டோம்.

'வரென்னா, ஏரிக்காட்சி அறை, படகுத்துறைக்கு 900 மீட்டர்' என்று விளம்பரம். ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற சலுகை விலையில் 760 யூரோ கட்டினோம். ஸ்டேஷனில் இறங்கி முகவரியைக் காட்டினால், டாக்சிக்காரர் மலையைக் கை காட்டுகிறார். ஹோட்டல் வரென்னாவிலேயே இல்லை. மேலே பெர்லேடோ என்ற தனி ஊரில் இருந்தது. ஸ்டேஷன் பலகையில் வரென்னா-எசினோ-பெர்லேடோ என்று மூன்று ஊர்ப் பெயரும் சேர்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன்.

900 மீட்டர் என்றது பொய் இல்லை. ஆனால் அது மலையில் ஏறும் பழைய கல்படிக்கட்டு வழி. டாக்சியும் வாசல் வரை போகாது. சாலையிலிருந்து 64 படி. கணவர் பெட்டிகளோடு இரண்டு தடவை ஏறி இறங்கினார். அம்மா பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார். கைப்பிடிக் கம்பி பாதியிலேயே முடிந்துவிட்டது. அதற்கு மேல் சுவரில் உள்ளங்கையை ஊன்றித்தான் ஏறினார்.

அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு ஓடு, அதைத் தாண்டி இரண்டு சைப்ரஸ் மரம், நடுவே ஒரு சாண் அகலத்துக்கு ஏரி. ஏசி போட நாளுக்கு 10 யூரோ தனி, இதை முன்னால் எங்கேயும் சொல்லவில்லை. (ஆளுக்கு, இரவுக்கு என்று வாங்கும் சுற்றுலா வரி வேறு விஷயம். அது அந்த ஊர் நிர்வாகம் விதிப்பது, பெரும்பாலும் ஹோட்டலில்தான் கட்ட வேண்டும். அதற்குச் சண்டை போடாதீர்கள்.)

பணத்தைத் திருப்பிக் கேட்டால் ஹோட்டல் முன்பதிவுத் தளத்தைக் கை காட்டுகிறது, தளம் ஹோட்டலைக் கை காட்டுகிறது. கடைசியில் வந்த பதில்: "விளம்பரத்தின் கீழே 'வரென்னா பகுதி' என்றுதான் போட்டிருக்கிறோம்."

எனவே, புக் செய்யும் முன் முகவரியில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மேப்பில் நடைவழியைப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் எத்தனை மீட்டர் ஏற்றம் என்றும் காட்டும். ஹோட்டலுக்கே எழுதி, சாலையிலிருந்து அறை வரை எத்தனை படி, 'அஷென்சோரே' அதாவது லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். 'விஸ்தா லாகோ' என்றால் ஏரிக்காட்சி. கூடவே 'பார்ஸியாலே' என்று இருந்தால் கொஞ்சம்தான் தெரியும் என்று அர்த்தம். 2025 ஜனவரியிலிருந்து தங்கும் விடுதிகள் விளம்பரத்தில் 'சின்' (CIN) என்ற தேசியக் குறியீட்டு எண்ணைப் போட வேண்டும் என்பது சட்டம். அது இல்லாத இடத்தைத் தொடவே வேண்டாம்.

இரண்டு நாள் அம்மா கீழே இறங்கவே இல்லை. "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன்" என்று ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள் காலை வேறு வழியில்லாமல் ஸ்டேஷன் பக்கத்தில் இன்னொரு அறைக்குப் புதிதாகப் பணம் கட்டி மாறினோம். அன்று மதியம்தான் அம்மா முதல் முறையாகப் படகு ஏறினார். பெல்லாஜியோ துறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வந்து போகிற படகுகளையே மாலை வரை பார்த்துக்கொண்டிருந்தார்.