பார் 64, எல்இடி பார்: வன்னி மேடைகளில் பாவித்துப் பார்த்ததில்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கூத்துக்கும் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டி நாடகங்களுக்கும் லைற் கட்டுகிறோம். எங்களிடம் இரண்டு வகைச் சாமான் இருக்கிறது. ஒன்று ஆயிரம் வாற் பல்ப் போடும் பழைய பார் 64 என்ற மேடை லைற். மற்றது மூன்று வாற் எல்இடி ஐம்பத்துநான்கு வைத்த சீனத்துப் பார் லைற். இரண்டையும் பல வருடம் பாவித்ததில் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான்: செத்த பாகத்தை மாற்றினால் அன்றைக்கு எரியும், அதைச் சாகடித்த பாகத்தையும் மாற்றினால்தான் அடுத்த திருவிழாவுக்கும் எரியும்.

பார் 64 உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் குழாய், பல்ப், பீங்கான் ஹோல்டர், வயர், அவ்வளவுதான். பல்புக்குச் சொல்லப்படும் ஆயுள் ஏறத்தாழ 300 மணித்தியாலம். விடிய விடிய ஆடும் கோவலன் கூத்துக்கே அது பல இரவுகளுக்குப் போதும். ஆனால் பாதியிலேயே போகிறதென்றால் பல்பைத் திட்டாமல் ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள். பல்பின் பின்னை (உலோகக் காலை) கவ்வுகிற உலோக இதழ் பளிச்சென்று இருக்க வேண்டும். அதில் கறுப்புப் புள்ளி விழுந்து குழிந்திருந்தால் பிடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். தளர்ந்த இடத்தில் சூடு ஏறும், பொறி பறக்கும். அதே ஹோல்டரில் புதுப் பல்ப் போட்டால் அதன் காலும் சில இரவில் கருகும். பிறகு அந்தப் பல்பை நல்ல ஹோல்டருக்கு மாற்றினால் அதையும் கெடுத்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறோம்.

வயரும் அப்படித்தான். ஹோல்டருக்குப் போகிற கடைசி அடி சிலிக்கன் வயராகவோ கண்ணாடி நார் உறை போட்டதாகவோ இருக்க வேண்டும். யாரோ வீட்டு வயர் போட்டுத் தந்த ஒரு லைற்றைத் திறந்து வயரை வளைத்தபோது, உறை பிஸ்கட் மாதிரி உடைந்து கையில் கொட்டியது. எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் அதே நேரம் பார்த்துவிடுங்கள்.

அப்புறம், பார் 64 பல்பைக் கையால் தொடலாம். அது மூடிய கண்ணாடி. ஃப்ரெனல் என்ற வளையக் கண்ணாடி லைற்றில் போடுகிற சின்னக் குவார்ட்ஸ் பல்பைத்தான் வெறும் விரலால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் வெளுத்துப் பொங்கும்.

வட்டாப்பளை அம்மாளுக்குக் கடல்நீரில் விளக்கெரியும். எங்களுக்கு டீசல் வேண்டும், ஜெனரேற்றர் 230 வோல்ற்றைத் தாண்டக்கூடாது. வோல்ற் ஐந்து வீதம் கூடினாலே இழைப் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் 240 என்று அடித்த பல்பையே வாங்குகிறோம். வெளிச்சம் கொஞ்சம் குறைந்து மஞ்சளடிக்கும், ஆனால் நிறைய நாள் நிற்கும். கூத்துக்கு அந்த மஞ்சள் அழகுதான்.

எல்இடிக்கு எதிரி வேறு: கிறவல் புழுதி. புழுதி ஏறி ஃபேன் நின்றுவிடும், உள்ளே சூடு ஏறும், லைற் எரிந்துகொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. ஒருநாள் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் கேட்டார்: “தம்பி, மாதவிக்கு என்ன நடந்தது, பச்சை பூத்துப்போய் நிக்கிறா?” பார்த்தால் சிவப்பு எல்இடியில் பாதி அணைந்திருந்தது. இவை தொடராகக் கோத்தவை, ஒன்று போனால் அந்த வரிசை முழுக்கப் போகும். மீற்றரை டயோட் நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டால் செத்தது அகப்படும். மாற்றுவதுதான் வேலை. பலகை அலுமினியம், சோல்டரிங் அயனின் சூட்டை அப்படியே உறிஞ்சிவிடும். நாங்கள் பழைய அயன் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, பலகையை அதன்மேல் வைத்து அடியிலிருந்து சூடாக்குகிறோம். ஈயம் மினுங்கத் தொடங்கினதும் சாமணத்தால் பழையதை எடுத்துப் புதியதை இருத்த வேண்டும். பிளஸ், மைனஸ் மாறக்கூடாது. திரும்பப் பூட்டுமுன் அடியில் சூடு கடத்தும் புது ஹீற்சிங் பேஸ்ற் மெல்லிதாகப் பூசுங்கள். ஃபேனை மாற்றாமல் மூடினால் இந்த வேலையெல்லாம் வீண். பெரும்பாலும் 12 வோல்ற் கணினி ஃபேன்தான், அளவு பொருந்தினால் உள்ளூர்க் கணினிக் கடையிலேயே எடுக்கலாம். எல்இடிக்குத்தான் கொழும்புப் புறக்கோட்டைக்குச் சொல்லி, இரவு பஸ்ஸில் பார்சல் வரக் காத்திருக்க வேண்டும்.

லைற் முழுக்கச் செத்திருந்தால் பவர் சப்ளையில் தலை வீங்கிய கப்பாசிற்றரைத் தேடுங்கள். மாற்றுவது 105 பாகை என்று அடித்ததாக இருக்கட்டும். பிளக்கைக் கழற்றின பிறகும் பெரிய கப்பாசிற்றரில் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கும், மீற்றரால் அளக்காமல் விரல் வைக்க வேண்டாம்.

லைற் தானாகத் துடித்தால் பெரும்பாலும் அது பழுதாக இருக்காது. கடைசி லைற்றின் டிஎம்எக்ஸ் (லைற்றுகளைக் கட்டுப்படுத்தும் சிக்னல்) வெளியேறும் சொக்கற்றில், இரண்டாம் மூன்றாம் பின்னுக்கிடையில் 120 ஓம் ரெசிஸ்ற்றர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

மூவிங் ஹெட் (தலை தானாகத் திரும்பும், பல்ப் போட்ட லைற்) மட்டும் நாங்கள் வாங்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பல்பை அணைத்து, ஃபேனைச் சில நிமிடம் ஓடவிட்டுத்தான் கரண்ட் எடுக்க வேண்டும். இங்கே கடைசிப் பாட்டு முடியுமுன்னே ஜெனரேற்றர்காரர் நிறுத்திவிடுவார். கேட்கிறவர்களுக்கு வவுனியாவில் வாடகைக்கு எடுத்துக் கொடுக்கிறோம்.