லாவ் பா சாட்: சாப்பாட்டுக்கு மூன்று நட்சத்திரம், கூரைக்கு ஐந்து

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களை எல்லாம் நான் லாவ் பா சாட் என்ற பழைய கட்டடத்துச் சாப்பாட்டுக் கடைத்தொகுதிக்குத்தான் கூட்டிப்போவேன். குச்சியில் குத்தி வாட்டும் சாத்தே இறைச்சிக்காக என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள், எனக்கு அந்தக் கூரைக்காக.

முதலில் சாப்பாடு. போன வாரம் வாங்கிய தோசை ஆறிப்போய் வந்தது, சாம்பாரில் சர்க்கரை. விலையும் பேட்டைக் காப்பிக்கடையைவிடக் கூடுதல். மதியம் 12 மணிக்குப் போனால் மேசைக்கு மேசை டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்திருப்பார்கள், தட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். சாயங்காலம் பூன் டாட் ஸ்ட்ரீட்டை மூடிவிட்டுக் கரியடுப்பில் சாத்தே வாட்டுகிறார்கள், அது மட்டும் குறை சொல்ல முடியாது, சட்டையில் புகை வாடை வீடு வரைக்கும் வரும்.

சரி, கூரைக்கு வருவோம். தட்டை விட்டுவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். எட்டு மூலைக் கட்டடம், ஒல்லியான வார்ப்பிரும்புத் தூண்கள், வளைவுகளில் கோலம் போட்டது மாதிரி துளைவேலை, உச்சியில் மணிக்கூண்டு. 1894இல் கட்டியது. வடிவமைத்தவர் ஜேம்ஸ் மெக்ரிச்சி, இங்கே ஒரு நீர்த்தேக்கத்துக்கு அவர் பேரை வைத்திருக்கிறார்களே, அதே எஞ்சினியர். இரும்பெல்லாம் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தது.

1973இலேயே தேசிய நினைவுச்சின்னம் ஆக்கிவிட்டார்கள். அப்புறம் 1986இல் பக்கத்தில் எம்ஆர்டி ரயிலுக்கான சுரங்க வேலை வந்தபோது மொத்தக் கட்டடத்தையும் கழற்றி, சுமார் 3,000 துண்டுகளுக்கும் அடையாளம் போட்டு எடுத்துவைத்து, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டி நிறுத்தினார்கள். செங்கல் கட்டடமாக இருந்தால் இதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. அதைவிட எனக்குப் பிடித்தது, கண்ணாடிக்குள் வைக்காமல் சாப்பாட்டுக் கடையாகவே விட்டதுதான். என் மேசையை ஒட்டிய தூணில் பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி ஓரமெல்லாம் மழுங்கிக் கிடந்தது, அதில் யாரோ சிந்திய மிளகாய்ச் சாறு. மேசை துடைக்க வந்த பாட்டி அதே துணியால் தூணையும் ஓர் இழு இழுத்துவிட்டுப் போனார்.

ஒரே எரிச்சல், நான் உட்கார்ந்த பக்கம் கடைகளின் விளக்குப் பலகை பாதி வளைவை மறைத்திருந்தது. அதைக் கொஞ்சம் கீழே இறக்கினால் யாருக்கு நஷ்டம்?

வார நாளில் மூன்று மணிவாக்கில் போங்கள், கூட்டம் இருக்காது. நடுவில் உட்கார்ந்து ஒரு தே ஹாலியா (இஞ்சி டீ) சொல்லுங்கள், தோசை வேண்டாம்.