17 சென்டி திலாப்பியா லூர்: பின்னாடி வந்துட்டு கடிக்காம போற பீக்காக் பாஸுக்கு

மலேசியாவுல பூச்சோங் பக்கம் பழைய ஈயச் சுரங்கக் குட்டைங்கள்ல தூண்டி போடுறவங்களுக்கு இது நல்லா தெரியும், பீக்காக் பாஸ்ங்கிற வேட்டை மீன் நாம இழுக்குற லூர் (பொய் இரை) பின்னாடியே கரை வரைக்கும் வரும், நம்ம காலடியில வந்து ஒரு பார்வை பாத்துட்டு திரும்பி போயிடும். வாரக் கடைசியில ஆளாளுக்கு அதே சின்ன ஸ்பூனும் (தகடு லூர்) ஜிக்கும் (ஈயத்தலை கொக்கி லூர்) போட்டு மீனுக்கு பழகிப்போச்சு. ரெண்டு மாசம் இப்படியே போனதுலதான் 130 வெள்ளி (ரிங்கிட்) குடுத்து இந்த கிளைட் பெய்ட்ட, அதாவது பக்கம் பக்கமா வழுக்கிட்டு போற மீன் வடிவ லூர வாங்கினேன்.

50 கிராமுக்கு கொஞ்சம் மேல, உடம்புக்கு நடுவுல ஒரே மூட்டு, வாயில தகடு கிடையாது. தகடு இல்லாததுதான் இதுல விசேஷம், கிடுகிடுன்னு ஆடாது, ரீல அரை சுத்து சுத்தி நிறுத்தினா ஒரு பக்கமா வழுக்கிட்டு போகும், இன்னொரு அரை சுத்துக்கு மறுபக்கம். கலிபோர்னியா ஏரிங்கள்ல கொண்டு வந்து விட்ட டிரவுட் மீன தின்னு கொழுத்த பாஸுக்காக வளந்த முறை இது, அதான் அங்க டிரவுட் கலர். நம்ம குட்டையில சாப்பாடு திலாப்பியா, அந்தக் கலரையே எடுங்க. (பேருதான் பாஸ், பீக்காக் பாஸும் திலாப்பியாவும் ஒரே சிக்ளிட் குடும்பம், சொந்தக்காரனையே முழுங்குற மீன்.)

முதல் ரெண்டு வாரம் ஒண்ணுமே இல்ல. ஸ்பூன் இழுக்குற வேகத்துல இதையும் இழுத்துட்டு இருந்தேன். பக்கத்துல நின்ன அண்ணன் ஒருத்தர்தான் சொன்னாரு, "தம்பி, பயந்து ஓடுற மீன் மாதிரி இழுக்காத, சும்மா மேயுற மீன் மாதிரி விடு."

மூணாவது ஞாயித்துக்கிழமை, மணி ஒம்பதரை, வெயில் நல்லா ஏறிடுச்சு, இது பகல்ல கண்ணால பாத்து வேட்டையாடுற மீன்ங்கிறதால இருட்டுல போய் நிக்கத் தேவையில்ல. சாஞ்ச மரத்துக்கிட்ட இருந்து ஒண்ணு வெளிய வந்து ஒரு முழ தூரத்துல தொடருது. நிறுத்தினேன், அதுவும் நின்னுச்சு. டக் டக்குனு ரெண்டு அரை சுத்து குடுத்து தங்கூசிய (தூண்டி நரம்ப) தளர விட்டேன், லூர் அப்படியே திரும்பி அது மூஞ்சிய பாத்து நின்னுச்சு. செவுள் விரிஞ்சது, லூர காணோம், தங்கூசி மட்டும் பக்கவாட்டுல நகருது. 2.3 கிலோ. கையில புடிச்சப்ப வால்ல இருக்குற அந்த கண்ணு மாதிரி புள்ளிய பாத்துட்டே இருந்தேன், கை நடுக்கம் நிக்கல.

குறையும் இருக்கு. லூரோட கூட வந்த மும்முனை கொக்கி அந்த ஒரே மீன்ல நிமிந்துடுச்சு, நான் தடிச்ச 1/0 சைஸ் கொக்கி மாத்தினேன், அதுல எடை கூடி கொஞ்சம் வேகமா இறங்குது, கரை ஓரத்துல போட்டு பாத்துட்டு ஆரம்பிங்க. சின்ன லூர் போடுற ராட்ல இத வீசவே வீசாதீங்க, 2 அவுன்ஸ் தாங்குற ராட், 50 பவுண்ட் பிரெய்ட் (பின்னல் தங்கூசி), 40 பவுண்ட் லீடர் (லூர் பக்கம் கட்டுற முனை தங்கூசி) வேணும், சாட்டை மாதிரி அடிக்காம ஊஞ்சல் மாதிரி சுழட்டி விடணும். குஞ்சு காக்குற ஜோடி பசிக்கு அடிக்காது, விரட்டத்தான் அடிக்கும், பாதி நேரம் கொக்கி வாய்க்கு வெளிய மாட்டும், அதுங்கள நான் விட்டுடுறேன்.

நாள் பூரா இதையே வீசினா தோள் போயிடும். சின்ன ஜிக்க போட்டு மீன் எங்க நிக்குதுன்னு பாருங்க, பின்னாடி வந்துட்டு கடிக்கலைன்னா அப்ப இத எடுங்க. நேத்து கடைக்கு போனப்ப திலாப்பியா கலர்ல ரெண்டுதான் பாக்கி இருந்துச்சு.