பேர் லாவால் திருத்தலம், செந்த் க்ருவா: எந்த நாளில் போவது, அங்கே எப்படிச் செபிப்பது

மொரீசியசில் செபிக்கப் போவதற்கென்று ஓர் இடத்தைக் கேட்டால், இந்துவானாலும் கிறிஸ்தவரானாலும் பலரும் சொல்வது பேர் லாவால்: தலைநகர் போர் லூயியின் செந்த் க்ருவா பகுதியில், லாவால் என்ற குருவின் கல்லறை இருக்கும் திருத்தலம் ('பேர்' என்றால் பிரெஞ்சில் தந்தை). ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கலாம். அவருடைய நினைவுநாளுக்கு முந்தைய இரவான செப்டம்பர் 8இல் மட்டும் போய்க் கூட்டத்தில் சிக்கியவர் இரண்டு கொடுத்தால் அவரோடு சண்டைக்குப் போக முடியாது.

போர் லூயி இமிகிரேசன் ஸ்குவேர் பேருந்து நிலையத்தில் 'சித்தே லா க்யூர்' அல்லது 'பேர் லாவால்' என்று பலகை போட்ட பேருந்தில் ஏற வேண்டும். பக்கத்தில்தான் ஆப்ரவாசி காட், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் ஆட்கள் இறங்கிய கரை. நேரம் இருந்தால் அதையும் பார்த்துவிட்டு ஏறலாம். இரண்டு கதைக்கும் தொடர்பு உண்டு: விடுதலையான அடிமைகளின் இடத்தில்தான் நம் ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். ஜாக் தெசிரே லாவால் 1841 செப்டம்பர் 14 அன்று இந்தத் தீவுக்கு வந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரான்சில் மருத்துவராகத் தொழில் பார்த்துவிட்டுக் குருவானவர் அவர். விடுதலையான மக்களுக்கு அவர்கள் பேசும் கிரியோலிலேயே செபம் கற்றுக்கொடுத்தார். பலகைப் பெட்டிக்குள் படுத்து உறங்கினார் என்று சொல்வார்கள். 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். 1979இல் இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக அறிவித்தார். புனிதர் பட்டம் இன்னும் வரவில்லை.

வளாகத்தில் மூன்று பகுதிகள்: கல்லறை, பெரிய புதிய ஆலயம், அவருடைய உடை, கடிதங்கள், படங்கள் வைத்திருக்கும் காட்சியறையோடு கூடிய கடை. கல்லறைமேல் வண்ணம் தீட்டிய சுதை உருவம் படுத்திருக்கிறது. அதைத் தொடத்தான் வரிசை. வருபவர்கள் பெரும்பாலோர் நேரே அங்கே போய், தொட்டு, மெழுகுதிரி ஏற்றி, இருபது நிமிடத்தில் பேருந்து நிறுத்தத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். இந்த இடத்தின் பயனை முக்கால்வாசி விட்டுவிட்டுப் போகும் வழி இது.

காரணம் செபத்தின் நோக்கத்தில் இருக்கிறது. நீங்கள் கேட்கும் முன்னரே உங்கள் தேவை தந்தைக்குத் தெரியும் என்கிறார் இயேசு, மத்தேயு 6ஆம் அதிகாரத்தில். அப்படியானால் ஏன் கேட்க வேண்டும்? பிடிபடுவதற்கு முன் இயேசு செபித்த கெத்சமனித் தோட்டத்தில் அதற்குப் பதில் கிடைக்கிறது. அதே வேண்டுதல் மூன்று முறை. துன்பக் கிண்ணம் அகலவில்லை. ஆனால் துயரத்தில் தரையில் விழுந்தவர் எழுந்து, பிடிக்க வந்தவர்களை எதிர்கொண்டு நடக்கிறார். திருத்தூதர் பவுலும் தன் உடலில் தைத்த முள்ளுக்காக மூன்று முறை மன்றாடினார், முள் போகவில்லை, அருள் கிடைத்தது. தெரியாத செய்தியைக் கடவுளுக்குச் சொல்வதற்காக யாரும் செபிப்பதில்லை. தன் விருப்பத்தைத் திறந்து காட்டி, அதை அவர் விருப்பத்தோடு பொருத்திப் பார்க்க அவர்முன் நிற்கிறோம். அதற்கு உட்கார இடமும் நேரமும் வேண்டும். இரண்டும் ஆலயத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே போகும் ஒழுங்கை மாற்றுங்கள். கிழமை நாளில், முடிந்தால் காலையில் போய், முதலில் ஆலயத்துக்குள் நுழையுங்கள். பத்து நிமிடம் ஒன்றும் கேட்காமல் உட்காருங்கள். பேருந்துச் சத்தம் காதிலிருந்து இறங்கவே அவ்வளவு நேரம் பிடிக்கும். பிறகு ஒரே ஒரு தேவையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் பெயர் எழுதிய சீட்டோடு வருபவர்கள் அதை வாசித்து முடிப்பதிலேயே களைத்துப்போகிறார்கள். கோபம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம், திருப்பாடல்களில் பலவும் முறையீடுதான். இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி, அதன்பின் கல்லறைக்குப் போங்கள். அங்கே நீண்ட வேண்டுதல் தேவையில்லை: 'எனக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற ஒரு வாக்கியம் போதும். கத்தோலிக்கப் போதனைப்படி அருளாளரிடம் கேட்பது உடன் செபிக்கும்படிதான். வரம் தருவது அவரல்ல.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே பிரெஞ்சும் கிரியோலும்தான் நடப்பு. தமிழ்த் திருப்பலியை நம்பிப் போகாதீர்கள். நம் வீடுகள் பலவற்றில் தமிழ் பாட்டிலும் மனப்பாட மன்றாட்டிலும் மட்டும் உயிரோடு இருக்கிறது, சண்டையும் கொஞ்சலும் கிரியோலில். அப்படிப்பட்டவர்கள் மனப்பாடத்தைத் தமிழில் சொல்லட்டும், அது பாட்டன் சொத்து. ஆனால் சொந்த வேண்டுதலைச் சண்டை போடும் மொழியிலேயே சொல்வதுதான் நல்லது. லாவால் செய்ததும் அதுதானே. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்திருப்பவருக்கு இது நேர்மாறு: புரியாத பிரெஞ்சை உதட்டில் ஒட்டிக்கொள்ளாமல் தாராளமாகத் தமிழில் பேசலாம்.

அதிகம் கெட்டுப்போவது நேர்ச்சையில். 'பையனுக்கு விசா கிடைத்தால் அடுத்த வருசம் நடந்து வருகிறேன்' என்பது பேரம். விசா கிடைக்காவிட்டால் அவர் நடந்தும் வரமாட்டார், பேருந்திலும் வரமாட்டார். கிடைத்துவிட்டால் கடன் தீர்ந்தது, அத்தோடு உறவும் தீர்ந்தது. நடக்க விரும்பினால் விடை தெரிவதற்கு முன்பே நடந்துவிடுங்கள். மெழுகுதிரி காற்றில் அணைந்தால் அபசகுனம் என்று முகம் வாடுபவர்களும் உண்டு; திரி அணைவதற்குக் காரணம் காற்று மட்டுமே, ஒன்று போதும், மறைவாக வையுங்கள். கடையில் வாங்கும் பதக்கத்தைத் தாயத்தாக்கவும் வேண்டாம்.

இனி அந்த இரவு. செப்டம்பர் 8 மாலை தொடங்கித் தீவின் எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் நடந்து வருவார்கள். தைப்பூசத்தில் காவடி எடுத்தவர்களையும் அந்தக் கூட்டத்தில் காணலாம். மேட்டு நிலத்து நகரமான கூர்ப்பிப்பிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், ஓய்வோடு ஐந்தாறு மணி நேரம். மேட்டிலிருந்து கடலோரத்துக்கு இறங்குவதால் மூச்சு வாங்காது, முழங்கால்தான் வாங்கும். புதுச் செருப்பு கூடவே கூடாது. மேலே குளிரும் தூறலும் இருக்கும், போர் லூயி வந்தால் கதகதப்பு. கழற்றி இடுப்பில் கட்டக்கூடிய கம்பளிச் சட்டை எடுங்கள், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும். ஐந்து பத்துமணிகள் கொண்ட ஒரு செபமாலைக்கு ஏறத்தாழ இருபது நிமிடம். வழி முழுக்க விடாமல் சொன்னால் பாதி வழியில் வாய் மட்டும் அசையும். மூன்று சொல்லி, நடுநடுவே பேசாமல் நடப்பது மேல்.

அந்த நடைதான் அந்த இரவின் செபம். போய்ச் சேர்ந்ததும் கல்லறை வரிசையில் நிற்காதீர்கள்: மணிக்கணக்கில் காத்திருந்து சில நொடி தொட்டதும் பின்னால் இருப்பவர் தள்ளுவார், எரிச்சலோடு வெளியே வருவீர்கள். திருப்பலி கண்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள். கல்லறைக்கு அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வரலாம். வெள்ளிக்கிழமைகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள், அன்றைய திருப்பலிக்கு ஆண்டு முழுவதும் கூட்டம் கூடும்.